உணவுக்குழாய்ச் சத்திரசிகிச்சையும் உயிர்ப்பும்

மூச்சுக்கு உயிர்ப்பு என்றொரு பெயரும் தமிழில் உண்டு. உடலில் உயிர் நிற்பதற்கு அடையாளம் மூச்சே என்பதை உணர்ந்து நம் முன்னோர் வழங்கிய பெயர் அது எனலாம். நலமாக இருப்பவர் தாம் மூச்சு விடுவதைப் பற்றி எண்ணுவதேயில்லை. நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை வரை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லீற்றர் காற்றை உள்வாங்கியும் வெளிவிட்டும், உறக்கத்திலும் விழிப்பிலும் மார்பு தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கிறது. அக்கடமைக்கு இடையூறு நேரும்போதுதான் அதன் அருமை புலப்படுகிறது. உணவுக்குழாயை அகற்றும் சத்திரசிகிச்சையின் வரலாற்றை ஆராய்வோர் இவ்வுண்மையைத் தெளிவாகக் காண்பர். அவ்வரலாற்றின் பெரும்பகுதி, மூச்சைக் காப்பாற்றுவதற்கு மருத்துவர்கள் நடத்திய போராட்டமாகவே அமைந்துள்ளது. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

உண்ணும் வழியும் உயிர்க்கும் வழியும் தொண்டையிலே பிரிகின்றன. காற்றுக்குழாய் முன்னாக இறங்கி நுரையீரல்களுக்குச் செல்கிறது. அதன் பின்னால், முள்ளந்தண்டை ஒட்டினாற்போல, உணவுக்குழாய் இறங்குகிறது. வளர்ந்தோரில் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுள்ள இக்குழாய், கழுத்தைக் கடந்து, இரண்டு நுரையீரல்களுக்கும் இடையே, இருதயத்துக்குப் பின்புறமாகச் சென்று, பிரிமென்றகட்டிலுள்ள துவாரத்தின் வழியாக வயிற்றறைக்குள் நுழைந்து இரைப்பையை அடைகிறது. பிரிமென்றகடு என்பது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்கும் குவிந்த தசைத்தகடாகும். ஆகவே, உணவுக்குழாயை அணுக விரும்பும் சத்திரவைத்தியர் உயிர்ப்புக்குரிய உறுப்புகளின் நடுவே வழி தேடியாக வேண்டும்.

மார்பு எவ்வாறு அசைகிறது என்பதையும் ஈண்டு அறிந்துகொள்ளுதல் நன்று. மூச்சை உள்வாங்கும்போது பிரிமென்றகடு சுருங்கிக் கீழிறங்குகிறது. வயிறு சற்று முன்தள்ளுகிறது. அதே வேளையில் மேல் விலா என்புகள் கிணற்றுத் துலா எழுவதுபோல எழுந்து நெஞ்சென்பை முன்னோக்கித் தள்ளுகின்றன. கீழ் விலா என்புகளோ வாளியின் வளைந்த கைபிடியைத் தூக்கினாற்போலப் பக்கவாட்டில் விரிகின்றன. இவ்வாறு நெஞ்சறை எல்லாப் பக்கமும் அகலும்போது, நுரையீரலும் அதனைத் தொடர்ந்து விரிந்து காற்றை ஈர்த்துக் கொள்கிறது. நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையேயுள்ள மெல்லிய வெளியில் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்திலும் குறைவாக இருப்பதனாலேயே நுரையீரல் சுருங்கிவிடாமல் விரிந்து நிற்கிறது. மார்புச் சுவரைத் திறந்ததும் வெளிக்காற்று உட்புகும். அப்பக்கத்து நுரையீரல் காற்றிழந்த பலூன் போலச் சுருங்கும்.

19ஆம் நூற்றாண்டின் சத்திரவைத்தியர்களை நெஞ்சறையின் வாயிலிலேயே நிறுத்திவைத்தது இத்தடைதான். வியன்னாவிலே பில்றோத் 1871ஆம் ஆண்டில் நாய்களின் கழுத்திலுள்ள உணவுக்குழாய்ப் பகுதியை வெட்டி அகற்றிக் காட்டினார். 1877ஆம் ஆண்டில் சேர்ணி என்பவர் புற்றுநோயுற்ற ஒருவரின் கழுத்துப் பகுதி உணவுக்குழாயை வெற்றிகரமாக அகற்றினார். ஆயினும் இவை கழுத்தோடு நின்ற முயற்சிகள். நோய் பெரும்பாலும் மார்பினுள்ளேதான் தோன்றியது. அங்கே கத்தி செல்வதற்கு மூச்சு இடங்கொடுக்கவில்லை.

அத்தடையை நீக்க முதலில் முனைந்தவர்களுள் சவர்புறூக் என்னும் ஜேர்மானிய இளைஞர் முக்கியமானவர். அக்காலத்தில் ஜேர்மனியைச் சேர்ந்திருந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமாகிய பிறெஸ்லோ நகரில், மிக்குலிச் என்னும் பேராசிரியரின் கீழ் அவர் பணியாற்றினார். வெளிக்காற்று புகுவதால் நுரையீரல் சுருங்குகிறது என்றால், வெளிக்காற்றின் அமுக்கத்தையே குறைத்துவிட்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். நோயாளியின் உடலும் சத்திரவைத்தியரும் உதவியாளரும் அமுக்கங் குறைந்த அறையொன்றினுள் இருக்க, நோயாளியின் தலை மாத்திரம் இறப்பர்க் கழுத்துப்பட்டி வழியாக அறைக்கு வெளியே இருக்கும்படி அவர் ஏற்பாடு செய்தார். பேராசிரியர் முன்னிலையில் நடந்த முதற் பரிசோதனையில் கருவி பழுதுற்று விலங்கு இறந்தது. எனினும் அவர் தளராது முயன்று, 1904ஆம் ஆண்டில் தம் கருத்து சரியென்று நிறுவினார். மார்பைத் திறந்தும் மூச்சைக் காக்கலாம் என்ற நம்பிக்கை அவ்வறையில் உதித்தது.

ஆயினும் அவ்வறை பெரியது, விலைமிக்கது, அதனுள் நின்று வேலை செய்வதும் கடினம். அதனிலும் எளிய வழியை நியூ யோர்க்கில் மெல்ற்சர், அவர் என்னும் இருவர் 1909ஆம் ஆண்டில் கண்டனர். காற்றுக்குழாயினுள் ஒடுங்கிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் வழியே ஈதர் கலந்த காற்றை ஓயாது ஊதிக்கொண்டிருந்தால், மார்பு திறந்திருப்பினும் நுரையீரல் விரிந்தே இருக்கும் என்பதை விலங்குகளில் அவர்கள் மெய்ப்பித்தனர். மறு ஆண்டிலேயே எல்ஸ்பேர்க் என்பவர் அம்முறையை மனிதரிற் கையாண்டார். வெளியமுக்கத்தைக் குறைப்பதைவிட உள்ளமுக்கத்தைக் கூட்டுவது எளிது என்னும் பேருண்மை இவ்வாறு நிலைபெற்றது. இன்றைய மயக்க மருந்தியலின் சுவாசக் கருவிகள் யாவும் இவ்வழி வந்தவையே.

1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நியூ யோர்க்கிலிருந்த ஜேர்மன் வைத்தியசாலையில், பிரான்ஸ் ரொறெக் என்னும் சத்திரவைத்தியர் 67 வயதுடைய ஒரு மூதாட்டியின் மார்பைத் திறந்து, புற்றுநோயுற்ற உணவுக்குழாயை அகற்றினார். அறுபட்ட குழாய்க்குப் பதிலாக இரைப்பையை மேலே கொணர்ந்து இணைக்கும் கலை அன்று தேர்ச்சி பெறவில்லை. ஆதலால் உணவுக்குழாயின் மேல்நுனியைக் கழுத்தின் தோலில் திறந்துவிட்டு, வயிற்றில் இரைப்பைக்கு ஒரு துவாரமிட்டு, இரண்டையும் உடலுக்கு வெளியே ஓர் இறப்பர்க் குழாயால் இணைத்தார். அம்மூதாட்டி வாயால் உண்ட உணவு மார்பின் வெளியே சென்ற அக்குழாய் வழியாக வயிற்றை அடைந்தது. பிறர் முயன்றபோது உயிர் தப்பாத இச்சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அவர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். அன்று அவருடைய மூச்சைக் காத்தது காற்றுக்குழாயினுள் ஊதும் அப்புதிய முறையே.

இவ்வெற்றியைத் தொடர்ந்து பல ஆண்டுகள் வேறு வெற்றி எளிதிற் கிட்டவில்லை. 1933ஆம் ஆண்டில் யப்பானின் கியோட்டோ நகரில் ஓசவா என்பவர் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியை அகற்றி, இரைப்பையை நெஞ்சறையினுள் கொணர்ந்து இணைத்த பல நோயாளர் பற்றிய செய்தியை வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் கிறே ரேணர், மார்பைத் திறவாமல் கழுத்து வழியாகவும் வயிறு வழியாகவும் குழாயைப் பிரித்தெடுத்தார். 1938ஆம் ஆண்டில் சிக்காகோவில் அடம்சும் பெமிஸ்ரரும் அகற்றலையும் இணைத்தலையும் ஒரே முறையில் செய்து முடித்தனர். 1946ஆம் ஆண்டில் ஐவர் லூயிஸ் என்னும் வேல்ஸ் நாட்டுச் சத்திரவைத்தியர், வயிற்றைத் திறந்து இரைப்பையை ஆயத்தம் செய்தபின், வலப்பக்க மார்பைத் திறந்து குழாயை அகற்றும் முறையை விளக்கினார். இடப்பக்கத்தில் பெருநாடி வில் குறுக்கே நிற்கிறது. வலப்பக்கத்தில் அத்தடை இல்லை. அவர் பெயரால் வழங்கும் அம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. 1949ஆம் ஆண்டில் சுவீடனின் கார்லென்ஸ் இரட்டைக் குழாயொன்றை அமைத்து, இரண்டு நுரையீரல்களையும் தனித்தனியே இயக்க வழிசெய்தார். பிற்காலத்தில் இத்தகைய குழாய்களின் உதவியால், ஒரு நுரையீரல் ஓய்ந்திருக்க மற்றதனால் மூச்சை நடத்திக்கொண்டு சத்திரவைத்தியர் அமைதியாக வேலை செய்யலாயிற்று.

இவ்வாறு சத்திரசிகிச்சை மேசையின் மேல் மூச்சு காக்கப்பட்டது. ஆனால் மேசையை விட்டிறங்கிய நோயாளி என்ன ஆனார்? மேசையில் உயிர் தப்பியவர்களிற் பலர், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, காய்ச்சலும் சளியும் மூச்சுத் திணறலும் கண்டு இறந்தனர். தையல் பிரிந்து நஞ்சு பரவி இறந்தவர்களும் உளர். எனினும் நுரையீரற் கேட்டினால் இறந்தவர் தொகை சிறிதன்று. முன்னர் இதனை மயக்க மருந்தாகிய ஈதரின் குற்றம் என்றே பலரும் கருதினர்.

அக்கருத்துக்கு மாறாக வேறொரு விளக்கத்தை இலண்டன் மருத்துவரான வில்லியம் பாஸ்ரர் முன்வைத்தார். தொண்டையடைப்பான் நோயினால் பிரிமென்றகடு செயலிழந்தவர்களில் நுரையீரலின் கீழ்ப்பகுதி காற்றிழந்து சுருங்கிக் கிடப்பதை அவர் கண்டிருந்தார். வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் அதே நிலை தோன்றுவதை 1908ஆம் ஆண்டிலும் 1910ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்து, காயத்தின் எதிர்விளைவாகப் பிரிமென்றகடு தற்காலிகமாகத் தளர்ந்து விடுவதே காரணமாகலாம் என்றார். 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பீச்சர், வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்குப் பின் ஆழ்ந்து இழுத்து விடக்கூடிய மூச்சின் அளவு எவ்வளவு குறைகிறது என்பதை நாள்தோறும் அளந்து காட்டினார்.

நிகழ்வது இதுதான். புண்பட்டவர் வலியை அஞ்சி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார். மல்லாந்து படுத்திருக்கையில் வயிற்று உறுப்புகள் பிரிமென்றகட்டை மேலே தள்ளுகின்றன. மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் எஞ்சி நிற்க வேண்டிய காற்றின் அளவு குறைகிறது. அதனால் அடிப்பகுதியிலுள்ள சிறு காற்றுவழிகள் மூடிக்கொள்கின்றன. இயல்பாக நாம் இடையிடையே விடும் பெருமூச்சு அவற்றை மீளத் திறக்கும். புண்பட்டவர் பெருமூச்சு விடுவதில்லை. இருமினால் வலிக்கும் என்பதால் இருமுவதுமில்லை. சளி தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது, நுரையீரல் அழற்சி பிறக்கிறது.

1967ஆம் ஆண்டில் கொன்னோ, மீட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், ஒரு மூச்சில் விலாக்கூடு எவ்வளவு விரிகிறது, வயிறு எவ்வளவு விரிகிறது என்பதைப் பிரித்து அளக்கும் வழியை வகுத்தனர். மார்பசைவைக் கண்ணால் மட்டும் மதிப்பிட்ட நிலை இதனால் மாறியது. 1983ஆம் ஆண்டில் கனடாவிலும் பிரான்சிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள், மேல்வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் பிரிமென்றகட்டின் வேலை குன்றி, மூச்சின் சுமை விலா என்புகளின் மேல் ஏறுவதைக் காட்டின. வலியை மருந்தினால் தணித்த பின்னரும் பிரிமென்றகடு உடனே பழைய நிலைக்கு மீளவில்லை. ஆகவே வலி ஒன்றே காரணமன்று. 70 ஆண்டுகளுக்கு முன் பாஸ்ரர் ஊகித்தது பெரும்பாலும் சரியே என்பது புலனாயிற்று.

உணவுக்குழாய்ச் சத்திரசிகிச்சை ஏனையவற்றைக் காட்டிலும் மூச்சைக் கடுமையாக வருத்துவது ஏன் என்பது இப்போது விளங்கும். வயிறு மட்டும் திறக்கப்பட்டால் தளர்ந்த பிரிமென்றகட்டுக்கு விலா என்புகள் துணை நிற்கும். மார்பு மட்டும் திறக்கப்பட்டால் வருந்தும் விலா என்புகளுக்குப் பிரிமென்றகடு துணை நிற்கும். இச்சத்திரசிகிச்சையிலோ, பெரும்பாலும், இரண்டும் ஒருங்கே புண்படுகின்றன. ஒன்றுக்கொன்று துணை நிற்கும் வாய்ப்பு இல்லாமற் போகிறது. அத்துடன், மேலே கொணரப்பட்ட இரைப்பை நெஞ்சறையில் இடம் பிடித்துக்கொள்கிறது. குரல்வளைக்குச் செல்லும் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுவதால், அது புண்பட்டால் குரல் கம்மும், இருமலும் வலுவிழக்கும், விழுங்குவது காற்றுக்குழாயினுள் தவறிப் புகவும் கூடும்.

இவற்றின் விளைவை 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு வெளிப்படையாகக் கூறிற்று. ஏர்லம், கூனியா மெலோ என்னும் இருவர், உணவுக்குழாய்ப் புற்றுநோயின் ஒரு வகை பற்றி வெளிவந்த 122 கட்டுரைகளைத் திரட்டி, 83,000 பேருக்கு மேற்பட்ட நோயாளரின் கதையை ஆராய்ந்தனர். குழாய் அகற்றப்பட்டவர்களுள் நூற்றுக்கு 29 பேர் அச்சத்திரசிகிச்சையை ஒட்டியே இறந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. கைதேர்ந்த சத்திரவைத்தியர்கள் இருந்தும், மயக்க மருந்தும் கிருமிகொல்லி மருந்துகளும் இருந்தும், நிலை அதுவாக இருந்தது.

இந்நிலையை மாற்றியதில் கத்தி பிடியாத கைகளுக்கும் பெரும் பங்குண்டு. முதல் உலகப் போரின்போது மார்பிலே காயம்பட்ட போர்வீரர் பலர் இலண்டன் சென் பார்தலோமியூ வைத்தியசாலைக்கு வந்தனர். அங்கே பேச்சுக் குறைபாடுகளை நீக்கவும் மூச்சுப் பயிற்சி அளிக்கவும் அமர்ந்திருந்த மக்மாகன் என்பவர், அவர்களுடைய சுருங்கிய நுரையீரலை விரிக்கும் பயிற்சிகளைக் கற்பித்து, 1915ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினார். பின்னர் 1930களில், இலண்டன் புறொம்ரன் வைத்தியசாலையில் வினிபிறெட் லின்ரன் அம்மையார், மார்பின் எப்பகுதி அசையவில்லையோ அப்பகுதியின் மேல் கையை வைத்து, அக்கையைத் தள்ளும்படி மூச்செடுக்குமாறு நோயாளரைப் பழக்கினார். கருவியில்லை, மருந்தில்லை, ஒரு கையும் ஒரு சொல்லுமே அவருடைய சாதனங்கள்.

படுக்கையை விட்டு விரைவில் எழுப்புவதையும் இதனோடு சேர்த்தே கூறவேண்டும். சத்திரசிகிச்சை முடிந்தவர் வாரக்கணக்கில் அசையாது கிடக்க வேண்டும் என்பதே பண்டைய வழக்கம். 1899ஆம் ஆண்டிலேயே சிக்காகோவின் எமில் றீஸ் அவ்வழக்கத்தை எதிர்த்தார்; ஆயினும் அவர் சொல் நெடுங்காலம் அரங்கேறவில்லை. 1952ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாத நோய் பரவியபோது, இப்சன் என்னும் மயக்க மருத்துவரின் ஆலோசனைப்படி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாற் காற்றுப்பையை அமுக்கி நோயாளருக்கு மூச்சூட்டினர். தீவிர சிகிச்சைப் பிரிவு என இன்று வழங்குவதன் தொடக்கம் அதுவே. அப்பிரிவுகளில் மூச்சிழந்தோருக்கு இயந்திரம் துணைநின்றது; ஆனால் இயந்திரத்திலிருந்து விடுபட்டுத் தாமே மூச்சுவிடும் நாளை விரைவுபடுத்த, மீண்டும் அந்தக் கையும் சொல்லுமே தேவைப்பட்டன.

இப்பயிற்சிகளால் மெய்யாகவே பயனுண்டா என்று ஐயுற்றவர்களுக்கு விடை பின்னர் கிடைத்தது. 1997ஆம் ஆண்டில் சுவீடனிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், வயிற்றைத் திறந்து செய்யும் பெருஞ் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 368 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். மூச்சுப் பயிற்சியும் இருமும் முறையும் கற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கே நுரையீரற் கோளாறு ஏற்பட்டது. கல்லாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஏற்பட்டது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இன்னும் வியப்பானது. மேல்வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே, அரைமணி நேரம் ஒரே ஒரு முறை, இயன்மருத்துவர் ஒருவர் நோயாளியை இருத்தி விளக்கிப் பயிற்றினார். கைந்நூல் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 27 ஆக இருந்த நுரையீரற் கோளாறு, பயிற்சி பெற்றோரில் நூற்றுக்கு 12 ஆகக் குறைந்தது.

சத்திரவைத்தியர்களும் தம் பங்குக்கு மார்பைக் குறைவாகப் புண்படுத்தும் வழிகளை நாடினர். 1978ஆம் ஆண்டில் மிச்சிக்கனின் ஓறிஞ்சர், கிறே ரேணர் காட்டிய மார்பு திறவா முறைக்குப் புத்துயிர் அளித்தார். 1992ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் குஷியேரி, சிறு துவாரங்களின் வழியே நோக்குக் குழாயைச் செலுத்திச் செய்யும் முறையை விளக்கினார். நெதர்லாந்தினர் முன்னின்று நடத்தி 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மார்பை அகலத் திறந்தவர்களில் முதல் இரு வாரங்களில் நூற்றுக்கு 29 பேருக்கு நுரையீரலில் கிருமித் தொற்று ஏற்பட, சிறு துவார முறையில் 9 பேருக்கே அது ஏற்பட்டது. 2019ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சு ஆய்வில், வயிற்றுப் பகுதியை மட்டும் சிறு துவார முறையிற் செய்தபோதே, பாரிய நுரையீரற் கோளாறு நூற்றுக்கு 30 இலிருந்து 18 ஆகக் குறைந்தது. முள்ளந்தண்டருகே செலுத்தும் வலிதணி மருந்தும் இதற்குத் துணைபுரிந்தது. தேர்ந்த நிலையங்களில் இன்று இச்சத்திரசிகிச்சையை ஒட்டி இறப்போர் நூற்றுக்கு ஐவரிலும் குறைவு.

நேயர்களே, இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் வாயிலும் தொண்டையிலும் மட்டுமன்றி உணவுக்குழாயிலும் புற்றுநோயை விளைவிக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. அப்பழக்கம் வேரூன்றிய நாடுகளில் நமதும் ஒன்று. நம் இல்லத்தவர் ஒருவர் இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டுக் கட்டிலிற் கிடக்கும்போது, “அசையாமற் படுத்திருங்கள், இருமாதீர்கள், தையல் விட்டுவிடும்” என்று சொல்லவே நம் நா எழும். அன்பிலே பிறந்த சொல்தான் அது. ஆனால் அந்த அன்பு நுரையீரலுக்கு நன்மை செய்வதில்லை. தாதியும் இயன்மருத்துவரும் காட்டிய வழியில் அவரை நிமிர்த்தி இருத்தி, தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்து இருமச் செய்வதும், ஆழ்ந்து மூச்செடுக்கும்படி மணிக்கு மணி நினைவூட்டுவதும், அவர்கள் அனுமதித்த அளவில் நடக்கத் தோள்கொடுப்பதுமே உண்மையான பணிவிடை.

மார்பைத் திறக்கும் வழியைக் காண சவர்புறூக்குக்கு அமுக்கங் குறைந்த ஓர் அறை வேண்டியிருந்தது. திறந்து மூடிய மார்பை மீண்டும் அசையச் செய்வதற்கோ, விலாப்புறத்தில் வைத்த ஒரு கையும், “இன்னும் சற்று ஆழமாக” என்னும் பரிவான சொல்லும் வேண்டியிருந்தன. முதலாவதை உலகம் விரைவிற் போற்றியது. இரண்டாவதன் மதிப்பை உணர ஒரு நூற்றாண்டு சென்றது. இவ்விரண்டும் கூடிய பின்னரே, உணவுக்குழாயை இழந்தவரும் உயிர்ப்பை இழவாமல் இல்லம் திரும்ப வழி பிறந்தது.